தாரகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்

காலை எட்டேகாலுக்குக் திருச்சி காட்டூர் சமுதாயக் கூடத்தின் முன்னால் ஸ்கூட்டியை நிறுத்திய ஃபெமினாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. வாசற்படியில் ஆரம்பித்த வரிசை ஜெராக்ஸ் கடையைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, இன்னும் பத்தடி போனால் தஞ்சாவூர் ரோட்டையே தொட்டுவிடும் போலிருந்தது. எப்படியும் அறுபது பேர். அவள் கேட்டதோ முப்பது பேர்.

"அனிஷா, நீ தெய்வம்டி!" என்று வாய்விட்டே சொன்னாள்.

அனிஷா அங்கே இல்லை. அவள் ஒரு கல்லூரி நாடகக் குழுவின் தலைவி. "அக்கா, வரிசையில நிக்க முப்பது பேர்தானே? கூட்டிட்டு வரேன்" என்று போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்ததற்கு மேலேயே செய்துவிட்டாளே என்று ஃபெமினா பூரித்துப் போனாள். பிள்ளைகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துப் பிடித்திருந்த விதம் என்ன, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்த விதம் என்ன! ஒருவர்கூட நடிப்பது மாதிரியே தெரியவில்லை. சிலருக்குத் தலை நரைத்திருந்தது. பவுடர் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வேண்டும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் நரைமுடிகூட பவுடராகத்தான் தெரியும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இன்று எடுக்காவிட்டால் படமே இல்லை. கூடத்தை மதியம் ஒரு மணிக்குள் காலி செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு அங்கே யாருக்கோ நிச்சயதார்த்தம். கேமரா தோழி ஷாஜியாவுடையது. ஷாஜியாவோ சாயங்கால விமானத்தில் ஷார்ஜா போகிறாள், கேமராவும் அவளோடு போகிறது. அங்கே ஒரு ஸ்டுடியோவில் வேலை கிடைத்திருக்கிறது.

படத்தின் பெயர் 'தாரகம்'. இருபத்திரண்டு நிமிடம். பகலெல்லாம் மேலப்புதூரில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து அடுத்தவர் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற ஃபெமினா, பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் விண்கலம் வரைந்த காலத்திலிருந்து மனதில் வைத்திருந்த கதை. படங்களில் பறக்கும் தட்டு எப்போது பார்த்தாலும் வேறு ஏதோ ஊரில்தான் இறங்கும். திருச்சியில் இறங்கினால் என்ன கெட்டுவிடும் என்பது அவள் கேள்வி. சரி, அது இறங்காவிட்டால் போகிறது, நாம் ஏறிப் போவோம் என்று கதையைத் திருப்பிக்கொண்டாள். 2125-ஆம் ஆண்டு. பூமி தகிக்கிறது. தாரகம் என்ற கிரகத்துக்கு வேலையாட்களை எடுக்கிறார்கள். போனால் திரும்பி வர முடியாது.

தாரகத்தின் தரையைக் கொள்ளிடத்து மணலில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து முடித்தாயிற்று. அதில் ஒரே தொல்லை, கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் ஓரத்தில் வந்து நின்றது. வேறு கிரகத்தில் கோபுரம் எப்படி வரும் என்று ஃபெமினா தலையில் அடித்துக்கொண்டபோது, கதாநாயகியாக நடிக்கும் பானுமதி, "பெருமாள் எங்கதான் இல்லை, விடுடி" என்று சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, வயது நாற்பத்தேழு. விண்வெளிக் கதை என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுகிற பெண்மணி.

பாக்கி இருந்தது இந்தக் கடைசிக் காட்சிதான். ஆள் எடுக்கும் முகாம், நீண்ட வரிசை, மேசைக்குப் பின்னால் இயந்திர அதிகாரி, அதன் முன்னால் கதாநாயகி. அவள் தன் பயணச் சீட்டை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு பூமியிலேயே தங்கிவிடுகிறாள். இந்த முடிவைப் பற்றித்தான் ஃபெமினாவுக்கும் ஷாஜியாவுக்கும் மூன்று வாரமாகச் சண்டை.

"யாரும் கிழிக்க மாட்டாங்கடி" என்பாள் ஷாஜியா.

"அதான் கதை. யாரும் செய்யாததை அவ செய்யறா."

"உங்க வீட்டுல எல்லாரும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு சைக்கிள்ல போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவங்க. அதான் உனக்குக் கிழிக்கணும்னு தோணுது. எங்க அத்தா இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவுல இருந்தாரு. எங்க வீட்டுல டிக்கெட்டை பீரோல பூட்டி வைப்பாங்க, கிழிக்க மாட்டாங்க."

ஃபெமினாவுக்கு ரோசம் வந்துவிட்டது. கதை தன்னுடையது, முடிவும் தன்னுடையதுதான் என்று சொல்லிப் பேச்சை முறித்திருந்தாள்.

இப்போது கூடத்துக்குள் நுழைந்தபோது ஆசீர் மேசைக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். சாம்பல் நிறச் சீருடை, மார்பில் நீலமாக மினுங்கும் விளக்கு. இயந்திர அதிகாரி அவன்தான். கலை இயக்குநரும் அவன்தான். பிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடையில் வேலை என்பதால் அவனுக்கு எல்லாம் பிரமாண்டமாக இருக்க வேண்டும். இருபதடி பிளெக்ஸ் ஒன்று அடித்து, உள்ளே அவ்வளவு நீளச் சுவர் இல்லாததால், நேற்றுச் சாயங்காலமே வெளியே காம்பவுண்டில் கட்டிவிட்டுப் போயிருந்தான்.

"கூட்டத்தைப் பார்த்தியா? நான் ஏழு மணிக்கு வரும்போதே நின்னுக்கிட்டிருந்தாங்க. படிவமெல்லாம் அவங்களே எடுத்து நிரப்பிட்டாங்க" என்றான் பரவசமாக.

"போனை எல்லாரும் சைலன்ட்ல போடுங்க! ஷாஜியா, ரெடியா?" என்றாள் ஃபெமினா.

"ரெடி."

ஃபெமினா வாசலுக்கு ஓடி, "எல்லாரும் லைன்லயே நில்லுங்க, தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா உள்ள வரணும், கேமராவப் பார்க்கக் கூடாது!" என்று கத்தினாள். அறுபது பேரும் மறுபேச்சில்லாமல் வரிசையை நேராக்கிக்கொண்டார்கள். இப்படி ஒரு ஒழுங்கான துணை நடிகர் கூட்டத்தை எந்தப் பெரிய இயக்குநரும் பார்த்திருக்க மாட்டார்.

முதலில் வந்தவர் கட்டம் போட்ட சட்டைக்காரர். எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றார். அது பழைய எடை இயந்திரம், ஆசீர் சுற்றிலும் சீரியல் பல்பு ஒட்டியிருந்தான். பிறகு படிவத்தை நீட்டினார். ஆசீர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, 'ஏற்கப்பட்டது' என்ற பெரிய ரப்பர் முத்திரையை ஊதா மையில் தோய்த்து ஓங்கிக் குத்தினான். அவர் அந்த முத்திரையைக் கண்கொட்டாமல் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே ஷாஜியா கேமராவை மெல்ல நெருக்கினாள்.

அடுத்து வந்தது முப்பத்தெட்டு நாற்பது வயதுப் பெண். கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா. எடுத்து வைக்க மறந்து வந்திருந்தாள்.

"பெயர்?" என்றான் ஆசீர், இரும்புக் குரலில்.

"மகாலட்சுமி சார்."

"விண்ணப்பதாரரே, தாரகம் சென்று சேர ஏழு மாதம் ஆகும்."

"ஏழு மாசமா? கப்பல்லயா? வழியில சாப்பாடு கம்பெனி குடுக்குமா, நாமளே பாத்துக்கணுமா சார்?"

இது வசனத்தில் இல்லை. ஆசீர் ஒரு கணம் விழித்தான். ஆனால் நாடகப் பித்தன் அவன். இந்தப் பெண் இட்டுக்கட்டி நடிக்கிறாள் என்று நினைத்து உற்சாகமாகிவிட்டான். "கம்பெனி கொடுக்கும். தாரகத்தில் ஒரு நாள் என்பது நாற்பது மணி நேரம்."

"அப்ப டூட்டி எத்தனை மணி நேரம்? ஓ.டி. தனியா உண்டா?"

"தாரகத்தில் ஈர்ப்பு விசை குறைவு. உடல் மிதப்பது போல இருக்கும்."

"நல்லதாப் போச்சு. எனக்கு முட்டி வலி."

"தாரகத்தின் வானில் இரண்டு சூரியன்கள்."

மகாலட்சுமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "திருச்சிக்காரிகிட்ட வந்து வெயிலைப் பத்திச் சொல்றீங்களே சார்!"

ஃபெமினா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். தோள் குலுங்கியது. ஆறு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து அவள் எழுதிய வசனங்களெல்லாம் இதற்கு முன்னால் காகிதப் பூ. இவள் யார், எந்த டிபார்ட்மென்ட், அடுத்த படத்துக்கும் இவளைத்தான் போட வேண்டும் என்று அதற்குள் முடிவே செய்துவிட்டாள். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தாரகத்தில் சர்ச் இருக்கிறதா, வெள்ளிக்கிழமை லீவா ஞாயிற்றுக்கிழமை லீவா, அரிசி கிடைக்குமா, வீட்டுக்கு வீடியோ கால் பேசினால் தெரியுமா என்று கேட்டார்கள். ஆசீருக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது. இயந்திரம் வியர்க்கக் கூடாது என்று அவனுக்கு யார் நினைவுபடுத்துவது! முத்திரை வாங்கியவர்களும் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே காத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஓடியதே தெரியவில்லை.

ஷாஜியா மட்டும் மெதுவாக முகம் மாறினாள். வியூபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஃபெமி, அந்தப் பச்சைச் சேலைக்காரங்க கையில இருக்கறது நெஜ பாஸ்போர்ட்டுடி" என்றாள்.

"நடிப்புக்கு ப்ராப்பா கொண்டாந்திருப்பாங்க."

"பழைய விசா ஸ்டாம்பெல்லாம் இருக்கு. குவைத்து."

அப்போதுதான் ஃபெமினா தன் போனை எடுத்துப் பார்த்தாள். அனிஷாவிடமிருந்து பதினேழு மிஸ்டு கால். கூடத்தின் பின்பக்கம் போய்க் கூப்பிட்டாள்.

"அக்கா, சாரிக்கா! காலைலேருந்து கூப்பிடறேன்." அனிஷாவின் குரல் அழுதது. "வார்டன் யாருக்கும் அவுட்பாஸ் தரல. ஒருத்தர்கூட வர முடியலக்கா."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்லக்கா."

ஃபெமினா ஜன்னல் வழியாக அந்த வரிசையைப் பார்த்தாள். இப்போது எண்பது பேர் ஆகியிருந்தது.

அடுத்த நிமிடம் அவள் வெளியே ஓடி பிளெக்ஸின் முன்னால் நின்றாள். 'தாரகத்துக்கு ஆட்கள் தேவை! மாபெரும் நேர்காணல் முகாம்' என்று ஆளுயர எழுத்துகள். கீழே தேதி, இன்றைய தேதிதான், பக்கத்தில் 2125. தேதியைப் பார்க்கிறவன் வருஷத்தையா பார்ப்பான்? அதற்கும் கீழே, சிவப்புப் பட்டையில்: 'ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு கொண்டு வரவும்.'

"இது யார் எழுதினது?" என்று ஆசீரை இழுத்து வந்து கேட்டாள்.

ஆசீரின் மார்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. "கடையில போன மாசம் ஒரு முகாமுக்கு அடிச்ச டிசைன் இருந்துச்சு. அதைத்தான் எடுத்து மேல மட்டும் மாத்தினேன். கீழ் லைனை எடுக்க விட்டுட்டேன் போல."

ஜெராக்ஸ் கடைக்காரர் கடமையே கண்ணாக இருந்தார். ஆசீர் வரைந்த படிவத்தில் ஒன்றை யாரிடமோ வாங்கி நூற்றுக்கணக்கில் பிரதியெடுத்து, 'முகாம் படிவம் இங்கே கிடைக்கும்' என்று அட்டையும் தொங்கவிட்டிருந்தார். கேமராவை எல்லோரும் முகம் சரிபார்க்கும் கருவி என்று நினைத்திருக்கிறார்கள். ரேஷன் கடையிலேயே அதெல்லாம் வந்துவிட்ட காலம். எடை இயந்திரத்தை மெடிக்கல் என்று நினைத்திருக்கிறார்கள். தாரகம் எங்கே இருக்கிறது என்று ஒருவருமா யோசிக்கவில்லை? வரிசையில் நின்ற ஒருவரிடம் ஃபெமினா மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் அஜர்பைஜான் எங்க இருக்குன்னு யாருக்கும்மா தெரியும்? எங்க தெருப் பையன் இப்ப அங்கதான் இருக்கான்" என்றார் அவர்.

மூவரும் கூடத்தின் மூலையில் கூடி நின்றார்கள். மணி பத்தரை. கையில் இருப்பதோ கனவிலும் கிடைக்காத காட்சிகள். ஆசீர்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஒண்ணு செய்யலாம். எல்லார் படிவத்தையும் வாங்கி முத்திரை குத்திட்டு, சொல்லி அனுப்பறோம்னு சொல்லிடலாம். போயிடுவாங்க. யாருக்கும் கஷ்டமில்ல."

ஃபெமினாவின் நாக்கு நுனி வரை 'சரி' வந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, உண்மையாகவே வந்துவிட்டது.

"எங்க அத்தா கடைசியா ஒரு தடவை அப்படி ஒரு முகாம்ல படிவம் குடுத்தாரு" என்றாள் ஷாஜியா. "சொல்லி அனுப்பறோம்னாங்க. எட்டு மாசம் போனைத் தலைமாட்டுல வச்சுத்தான் படுத்தாரு. குளிக்கப் போனாக்கூட என்னை போன் பக்கத்துல உக்கார வச்சுட்டுத்தான் போவாரு."

ஃபெமினா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு அதன்மேல் ஏறினாள்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்," என்று ஆரம்பித்தாள். "இது வேலைக்கு ஆள் எடுக்கற முகாம் இல்லைங்க. நாங்க படம் எடுக்கறோம். நீங்க நடிக்க வந்தவங்கன்னு நான் தப்பா நினைச்சுட்டேன். இந்தத் தாரகம்னு ஒரு ஊரே இல்லைங்க. அது கதை."

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் புரிந்தது. இரைச்சல் கிளம்பியது. கட்டம் போட்ட சட்டைக்காரர் முன்னால் வந்தார். "நான் இன்னைக்கு வேலைக்குப் போகாம வந்திருக்கேம்மா" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஜெராக்ஸையும் போட்டோவையும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். "படிவம் உங்களோடதுதானே, நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் பின்னாலேயே பாதிப் பேர் போனார்கள். போனவர்களின் முகம் வரும் இடத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட வேண்டும், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சரி என்று ஃபெமினா அந்த நாற்காலியின் மேலேயே தீர்மானித்துக்கொண்டாள்.

மகாலட்சுமி போகவில்லை. அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே, "அப்ப வேலை கிடையாதா?" என்றாள்.

"இல்லக்கா."

"ஹூம்." படியில் உட்கார்ந்தாள். "காலைல ஆறு மணிக்கு வந்து நிக்கறேன். கதையாவது சொல்லு, கேப்போம்."

இன்னும் முப்பது பேர் போல அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர்கூடக் கிளாஸோடு வந்து நின்றார். ஃபெமினா கதை சொல்ல ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு கை தானாக வீச ஆரம்பித்தது. தகிக்கிற பூமி, நீர் வற்றிய ஆறு, தாரகத்தின் இரண்டு சூரியன்கள், ஏழு மாதப் பயணம், திரும்பி வர வழியில்லாத ஒரே ஒரு பயணச் சீட்டு. கூட்டம் 'உம்' கொட்டியது. அவளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. நடுவில் ஆட்டோவிலிருந்து இறங்கி மூச்சிரைக்க ஓடிவந்த பானுமதி, "தேருக்கு ரோட்டையெல்லாம் மறிச்சுட்டான்டி, சுத்திண்டு வந்தேன்" என்றபடி கூட்டத்தில் தானும் ஒருத்தியாக உட்கார்ந்து, தான் நடிக்கும் கதையையே வாயைப் பிளந்து கேட்டார்.

"கடைசில அவ முறை வருது. சீட்டைக் கையில எடுக்கறா. எல்லாரும் பாக்கறாங்க. அப்படியே நாலாக் கிழிச்சுப் போட்டுட்டு, நான் இந்த மண்ணை விட்டு வர மாட்டேன்னு சொல்லிட்டுத் திரும்பி நடக்கறா!"

அவள் கைதட்டலை எதிர்பார்த்தாள்.

"எதுக்குக் கிழிக்கறா?" என்றாள் மகாலட்சுமி.

"மண்ணை விட்டுப் போகப் பிடிக்கல அவளுக்கு."

"யாருக்குப் பிடிக்குது?"

"வசதியான வீட்டுப் பொண்ணு போல" என்றார் டீக்கடைக்காரர்.

"அந்தச் சீட்டு அவளுக்கு வேணாம்னா அடுத்து நிக்கறவளுக்குக் குடுத்திருக்கலாமே" என்று பச்சைச் சேலைப் பெண் சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்குப் பிள்ளைகள் உண்டா? கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கை உண்டா? அடமானத்தில் எதுவும் இல்லையா? தங்கள் தெருவில் பிறந்த பெண்ணைப் பற்றிப் பேசுவது போலச் சண்டை சூடு பிடித்தது. கேமராவுக்குப் பின்னால் ஷாஜியா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். ஃபெமினாவுக்கு அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன. எழுந்து உள்ளே போய், செய்ய ஒன்றும் தோன்றாமல், மேசைமேல் குவிந்து கிடந்த படிவங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

அடுக்கிக்கொண்டே ஒன்றைப் படித்தாள். இன்னொன்றைப் படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

படிவத்தில் 'பூமியில் விட்டுச் செல்வோர்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆசீர் அதற்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தான். அந்த ஒரு வரியில் யாரும் அடங்கவில்லை. ஓரத்தில் எழுதியிருந்தார்கள், பின்பக்கம் எழுதியிருந்தார்கள், வயதையும் வகுப்பையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். ஒருவர் மாட்டின் பெயரையும் எழுதியிருந்தார். அடுத்த கட்டம் 'திரும்பும் நாள்'. அதில் ஃபெமினா கதைப்படி 'பொருந்தாது' என்று அச்சடித்தே வைத்திருந்தாள். அதைப் பார்த்தால் படிப்பவருக்கு நெஞ்சு திக்கென்று இருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போது எண்ணம்.

படிவத்துக்குப் படிவம் அந்தச் சொல் அடிக்கப்பட்டிருந்தது. மேலே பேனாவில் 'பொங்கல்' என்று இருந்தது. 'இரண்டு வருஷம்' என்று இருந்தது. 'சின்னவன் பத்தாவது முடிக்கிறப்ப.' 'ரம்ஜானுக்கு.' 'அம்மாவுக்கு ஏதாவது என்றால் உடனே.' கட்டம் போட்ட சட்டைக்காரர் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தார்: 'மூத்தவள் கல்யாணத்துக்குக் கண்டிப்பாக.' ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொண்டு எழுதியது போல, ஒருவர்கூட அந்தப் 'பொருந்தாது'வை விட்டுவைக்கவில்லை.

ஃபெமினாவுக்குக் கண் நிறைந்தது. அடுத்த விநாடியே உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. நூறு வருஷம் தள்ளி, கோடி மைல் தள்ளி ஒரு கதையைக் கொண்டுபோய் வைத்திருந்தாள். அது இந்தத் தெருவிலேயே ஆதார் ஜெராக்ஸோடு நின்றுகொண்டிருந்திருக்கிறது.

"ஷாஜியா!" என்று கூடமே அதிரக் கத்தினாள். "கிழிக்க வேணாம்! அவ கிழிக்க மாட்டா!"

"அதைத்தானேடி மூணு வாரமாச் சொல்றேன்!"

"நீ சொன்னது பாதிதான். மீதி இங்க இருக்கு, பாரு!"

படிவங்கள் கைமாறின. பானுமதி நாலைந்தைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். "நாலு பக்க வசனம் மனப்பாடம் பண்ணிண்டு வந்தேனே. போறது போ. இதைப் படிச்சப்புறம் அதை எந்த வாயால சொல்றது!"

மணி பதினொன்றரை. ஃபெமினா மறுபடியும் வாசலுக்கு ஓடினாள். புது முடிவைச் சொன்னாள். மகாலட்சுமி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "இது சரி. இப்ப எங்க நிக்கணும், சொல்லு."

"எல்லாரும் சம்மதிச்சாத்தான். பிடிக்காதவங்க முகம் வராது."

"எம்மூஞ்சி நல்லா வரணும், ஆமா. அளவு நாடாவோட வரணும், எங்க கடைல காட்டணும்."

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். இருபத்தாறு பேர் நடிக்கத் தங்கினார்கள். முதல் ஷாட்டிலேயே அத்தனை பேரும் விறைத்துப்போய் நின்றார்கள். நடிக்கிறோம் என்று தெரிந்துவிட்டதே! ஃபெமினா அங்குமிங்கும் ஓடிக் கெஞ்சினாள். ஜெராக்ஸ் கடைக்காரர்தான் வழி சொன்னார். "படிவத்தை மறுபடியும் கையில குடுங்கம்மா, சரியாயிடும்." கொடுத்தார்கள். சரியாகிவிட்டது. எல்லோருக்கும் கவர் தானாக மார்புக்குப் போனது. வெளிச்சம் மாறுவதற்காகக் கால் மணி நேரம் காத்திருந்தபோது ஷாஜியா கேமரா பெட்டிமேல் உட்கார்ந்து எதையோ எழுதினாள். லென்ஸ் குறிப்பாக இருக்கும் என்று ஃபெமினா கண்டுகொள்ளவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு நிச்சயதார்த்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். தாம்பாளம், பூக்கூடை, நாதஸ்வரம், தவில், எல்லாம் வாசலில் நின்றன. "அஞ்சே நிமிஷம்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று ஃபெமினா கைகூப்பினாள். மாப்பிள்ளையின் சித்தப்பா என்ன படம் என்று கேட்டார்; கேட்டுவிட்டு, தன் ஆட்களையும் சத்தம் போடாமல் நிற்கச் சொல்லிவிட்டு அவரும் எட்டிப் பார்த்தார்.

கடைசி ஷாட். மகாலட்சுமிக்குப் பின்னால் பானுமதி. மேசையில் படிவம். "என்ன எழுதறதுடி?" என்று பானுமதி முன்பே கேட்டிருந்தார். "என்கிட்டச் சொல்லாதீங்க, உங்களுக்கு என்ன தோணுதோ எழுதுங்க" என்று ஃபெமினா சொல்லியிருந்தாள். கேமரா ஓடியது. பானுமதி 'பொருந்தாது'வை நிதானமாக ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே எழுதினார்: 'தேருக்கு.' பேனாவை மூடிவைத்துவிட்டு இயந்திர அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார்.

கதைப்படி இயந்திரம் அதை நிராகரிக்க வேண்டுமா, ஏற்க வேண்டுமா என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. ஆசீர் அந்த ஒரு சொல்லை நெடுநேரம் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. "ரோபோ அழக் கூடாதுடா" என்று ஃபெமினா முணுமுணுத்தாள். முணுமுணுத்தவளே துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆசீர் முத்திரையை ஊதா மையில் தோய்த்து, இந்த முறை ஓங்காமல், மெல்ல வைத்து அழுத்தினான். அந்த நேரம் பார்த்து வெளியே பொறுமையிழந்த தவில்காரர் ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

"கட்!" என்றாள் ஃபெமினா. "ஓகே! ஓகே! அந்தத் தவிலையும் வச்சுக்கறேன்!"

கூடம் முழுக்கக் கைதட்டல். மகாலட்சுமி விசிலே அடித்தாள். பெண் வீட்டார் படக்குழுவுக்கும் வரிசைக்கும் சேர்த்தே காபி கொடுத்தார்கள்.

ஷாஜியாவுக்கு நேரமாகிவிட்டது. அவள் அத்தா பரக்கத் அலி டி.வி.எஸ். வண்டியோடு வாசலில் நின்றார். மெமரி கார்டைக் கழற்றி ஃபெமினாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "ஒழுங்கா வெட்டு, கல்யாண வீடியோ மாதிரி பூவெல்லாம் பறக்க விடாத" என்றாள் ஷாஜியா. "போயிட்டு வரேன்" என்று சொல்லி வண்டியில் ஏறினாள். கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவளை, வண்டி தஞ்சாவூர் ரோட்டில் திரும்பும் வரை ஃபெமினா பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்தார்கள். மேசையை ஒழிக்கச் சொன்னார்கள். ஃபெமினா படிவங்களைச் சேர்த்து எடுத்தாள். எல்லாவற்றிலும் ஊதா முத்திரை இருந்தது, மேலாக இருந்த ஒன்றைத் தவிர. அது பழகிய கையெழுத்து.

பெயர்: ஷாஜியா. பூமியில் விட்டுச் செல்வோர்: அத்தா, அம்மா, தங்கச்சி ருக்ஸார், ஃபெமி. திரும்பும் நாள் என்ற இடத்தில் 'பொருந்தாது'வை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு எழுதியிருந்தாள்: 'படம் போடும் அன்றைக்கு. முன் வரிசையில் எனக்கு ஒரு சீட் போட்டு வை.'

ஆசீர் முத்திரையைப் பெட்டியில் வைத்து மூடப் போனான். "இருடா" என்று அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள் ஃபெமினா. மையில் நன்றாகத் தோய்த்து, இரண்டு கையாலும் பிடித்து, ஓங்கிக் குத்தினாள். பிறகு அந்த ஈரம் காயும் வரை படிவத்தை வாயருகே பிடித்து ஊதிக்கொண்டே நின்றாள்.